மாட்டின் தீவனத்தை அளந்தவர் மனிதனின் பசியையும் அளந்தார்

ஆண்டுதோறும் ஒக்டோபர் மாதம் 16ஆம் திகதி உலக உணவு தினமாக அனுஷ்டிக்கப்பட்டு வருகின்றது. அன்றைய தினம் அறிக்கைகள் வெளியிடப்படுகின்றன, கருத்தரங்குகள் நடத்தப்படுகின்றன, மறுநாள் அனைத்தும் மறக்கப்பட்டு விடுகின்றன. 1945ஆம் ஆண்டு அதே திகதியில் கனடாவின் கியூபெக் நகரில் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது என்பதை நம்மில் பலர் அறிவோம். ஆனால், அந்நிறுவனத்தின் முதலாவது பணிப்பாளர் நாயகமாகத் தெரிவு செய்யப்பட்டவர் ஆடு, மாடு, பன்றி ஆகியவற்றின் தீவனத்தை ஆராய்வதில் தனது வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட ஒரு விஞ்ஞானி என்பதை அறிந்தோர் மிகச் சிலரே. ஸ்கொட்லாந்து நாட்டவரான ஜோன் பொய்ட் ஓர் என்பவரே அவர்.

அவரைப் பற்றி இன்று நாம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. பேராதனையிலும், வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சி விவசாய பீடத்திலும் விலங்கு விஞ்ஞானத்தைப் பயிலும் மாணவர்கள் இருக்கின்றனர். அவர்களுள் ஒரு சிலர் பட்டப்பின் படிப்பாகக் கால்நடைப் போசாக்கு ஆய்வில் ஈடுபடுகின்றனர். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வசிக்கும் பெற்றோர் தம் பிள்ளை மருத்துவராக வேண்டும், பொறியியலாளராக வேண்டும், அதுவும் கைகூடாவிடில் கணக்காளராகவேனும் வரவேண்டும் என்றுதான் ஆசைப்படுகின்றனர். மாடு என்ன தின்கின்றது என்பதை ஆராய்வதற்கு ஒரு பட்டமா என்ற கேள்வி நமது சமூகத்தில் இன்னமும் ஏளனத்துடனேயே கேட்கப்படுகின்றது. பொய்ட் ஓரின் வாழ்க்கையை அறிந்தவர்கள் அக்கேள்வியை மீண்டும் கேட்கத் துணியமாட்டார்கள்.

1880ஆம் ஆண்டு செப்டெம்பர் 23ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் எயார்ஷயர் பகுதியிலுள்ள கில்மோர்ஸ் என்னும் கிராமத்தில் அவர் பிறந்தார். ஏழு பிள்ளைகளைக் கொண்ட குடும்பம். தந்தையார் கற்குவாரி நடத்தியவர்; ஆழ்ந்த மதப்பற்று மிக்கவர். வசதியும் வறுமையும் மாறி மாறி வந்த குடும்பம் அது. சிறுவனுக்குப் புலமைப்பரிசில் கிடைத்து, நகரப் பாடசாலை ஒன்றில் சேர்க்கப்பட்ட போதிலும் அங்கு அவனது நாட்டம் செல்லவில்லை. பாடசாலையைவிடக் குவாரித் தொழிலாளர்களின் சகவாசமே அவனுக்குப் பிடித்திருந்ததால், சில மாதங்களிலேயே மீண்டும் கிராமத்துக்கு அழைத்துவரப்பட்டான். பின்னர் கிராமப் பாடசாலையிலேயே மாணவ ஆசிரியராகச் சொற்பச் சம்பளத்தில் பணியாற்றிக்கொண்டு படித்துத் தேறி, பத்தொன்பதாவது வயதில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பிரவேசித்தார். 1902ஆம் ஆண்டு கலைமாணிப் பட்டம் பெற்றார்.

அக்காலத்தில் கிளாஸ்கோ நகரம் பிரித்தானிய சாம்ராஜ்யத்தின் செல்வச் செழிப்புக்கு எடுத்துக்காட்டாக விளங்கியது. அதே நகரத்தின் சேரிகளில் குழந்தைகள் எலும்பும் தோலுமாக அலைந்தனர். ஆசிரியராக முதல் நியமனம் பெற்ற பொய்ட் ஓர், அத்தகைய சேரிப் பாடசாலை ஒன்றுக்கே அனுப்பப்பட்டார். பசித்த வயிற்றுடனும் கிழிந்த ஆடையுடனும் வகுப்பறையில் நிறைந்திருந்த சிறுவர்களுக்குத் தன்னால் எதையும் கற்பிக்க இயலாது என்பதை உணர்ந்து, சில நாட்களிலேயே அந்தப் பதவியைத் துறந்தார். வேறொரு பாடசாலையில் மூன்றாண்டுகள் கற்பித்த பின்னர் மீண்டும் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார். இம்முறை அவர் தெரிவு செய்தது உயிரியலும் மருத்துவமும் ஆகும். அடமானக் கடனில் தொடர்மாடி வீடுகளை வாங்கி, வாடகைப் பணத்தைக் கொண்டு படிப்புச் செலவைச் சமாளித்தார். 1910இல் விஞ்ஞானமாணிப் பட்டத்தையும் 1912இல் மருத்துவப் பட்டத்தையும் பெற்றார். மேற்கு ஆபிரிக்காவுக்குச் செல்லும் வர்த்தகக் கப்பலொன்றில் சில மாதங்கள் வைத்தியராகவும் கடமையாற்றினார். எனினும், நோயாளரைப் பார்த்துக் கட்டணம் பெறும் வாழ்வை அவர் விரும்பவில்லை. உடல் உணவை எவ்வாறு பயன்படுத்துகின்றது என்ற ஆராய்ச்சியே அவரை ஈர்த்தது.

1914ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அபர்டீன் நகரில் நிறுவப்படவிருந்த விலங்குப் போசாக்கு ஆய்வு நிலையத்துக்குப் பொறுப்பாளராக அவர் நியமனம் பெற்றார். பொறுப்பேற்கச் சென்றவருக்கு அங்கு ஆய்வு நிலையம் எதுவும் தென்படவில்லை. மரத்தாலான சிறியதோர் ஆய்வுகூடத்துக்கான வரைபடம் மட்டுமே இருந்தது. அவரோ கருங்கல் கட்டடமொன்றை எழுப்பும் திட்டத்தை வகுத்தார். அதற்குள் முதலாம் உலகப் போர் மூண்டது.

போர்முனைக்கு மருத்துவ அதிகாரியாகச் சென்ற பொய்ட் ஓர், அங்கும் உணவையே கவனித்தார். கைவிடப்பட்ட தோட்டங்களிலிருந்து மரக்கறிகளைச் சேகரிக்கச் செய்து சிப்பாய்களின் பங்கீட்டு உணவுடன் சேர்த்து வழங்கினார். ஏனைய படையணிகளை நோய் வாட்டியபோது அவரது படையணி பெருமளவில் ஆரோக்கியமாக இருந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாயிற்று. வீரச் செயல்களுக்காக இரு உயரிய விருதுகளும் அவருக்குக் கிடைத்தன.

1919இல் அபர்டீனுக்குத் திரும்பியவர், நிதி திரட்டுவதில் முனைந்தார். ஜோன் குயிலர் ரொவெட் என்ற செல்வந்த மதுபான வர்த்தகர் 10,000 பவுண் வழங்க முன்வந்தார். அவர் விதித்த நிபந்தனை ஒன்று இவ்விடத்தில் குறிப்பிடத்தக்கது. விலங்குகளின் போசாக்கு பற்றிய ஆய்வில் மனிதரின் போசாக்குக்குப் பொருந்தக்கூடிய உண்மை ஏதேனும் வெளிப்படுமாயின், அதனையும் தொடர்ந்து ஆராய நிலையத்துக்கு உரிமை இருத்தல் வேண்டும் என்பதே அந்த நிபந்தனை. 1922இல் மேரி மகாராணியால் திறந்து வைக்கப்பட்ட அந்த நிலையம் அன்று முதல் ரொவெட் ஆய்வு நிலையம் என்று அழைக்கப்படலாயிற்று. இன்று அது அபர்டீன் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமாக விளங்குகின்றது. கொடையாளி ஒருவரின் ஒற்றை நிபந்தனை, தொழுவத்துக்கும் பாடசாலைக்கும் இடையே ஒரு வாயிலைத் திறந்து வைத்தது எனலாம்.

ரொவெட் நிலையத்தின் ஆரம்பகால ஆய்வுகள் கனியுப்புகள் பற்றியவை. அக்காலத்தில் மாவுப்பொருள், புரதம், கொழுப்பு என்பவற்றையே தீவன நிபுணர்கள் கணக்கிட்டனர். புல் நிறைந்த வெளியில் மேய்ந்த போதிலும் கால்நடைகள் மெலிவதும், எலும்பையும் மண்ணையும் நக்கித் தின்பதும் ஏன் என்பதற்கு அக்கணக்கில் விடை இல்லை. மண்ணில் பொஸ்பரசும் கல்சியமும் குறைந்தால் புல்லிலும் அவை குறையும். புல்லில் குறைந்தால் கன்றின் எலும்பிலும் பசுவின் பாலிலும் அக்குறை வெளிப்படும். ஸ்கொட்லாந்து மலைப்புற மேய்ச்சல் நிலங்களிலிருந்து கென்யா வரையிலான புல்வெளிகளை ஆராய்ந்து, 1929இல் மேய்ச்சல் நிலக் கனியுப்புகள் பற்றிய நூலொன்றை அவர் வெளியிட்டார். பச்சைப் பசேலெனக் காட்சியளிக்கும் நிலமும் பட்டினி நிலமாக இருக்கக்கூடும் என்ற உண்மை அதன் மூலம் நிலைநாட்டப்பட்டது.

கென்யாவில் மசாய், கிக்குயு ஆகிய இரு சமூகத்தவரிடையேயும் ஓர் ஆய்வு மேற்கொள்ளப்பட்டது. பால், இறைச்சி, இரத்தம் ஆகியவற்றை உண்ட மசாய் ஆடவர், தானிய உணவையே பெரிதும் நம்பியிருந்த கிக்குயு ஆடவரைவிடச் சராசரியாக 5 அங்குலம் உயரமாகவும் 23 இறாத்தல் எடை கூடியவர்களாகவும் இருந்தனர் என 1931இல் வெளியான அறிக்கை தெரிவித்தது. இரு சமூகத்தவரின் மரபுவழி வேறுபாடுகளையும், கிக்குயு மக்களின் நிலங்கள் காலனித்துவ ஆட்சியில் பறிக்கப்பட்டிருந்த நிலையையும் அந்த ஒப்பீடு உரியவாறு கருத்திற்கொள்ளவில்லை என்பதைப் பிற்காலத்தில் நோக்கும்போது உணர முடிகின்றது. சாம்ராஜ்யத்தின் பணத்தில் நடந்த விஞ்ஞானத்துக்கு இருந்த வரையறை அது.

அவரது பெயரை நாடறியச் செய்தது பால் பரிசோதனையாகும். 1920களின் பிற்பகுதியில் ஸ்கொட்லாந்து நகரங்கள் பலவற்றிலும் பெல்பாஸ்டிலும் சுமார் 1,500 பாடசாலைச் சிறுவர்கள் குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு முழுப்பால், ஒரு குழுவுக்குக் கொழுப்பு நீக்கிய பால், ஒரு குழுவுக்கு அதே சக்திப் பெறுமானமுள்ள பிஸ்கட், மற்றொரு குழுவுக்கு எதுவுமில்லை. கன்றுகளையும் பன்றிக் குட்டிகளையும் குழுக்களாகப் பிரித்துத் தீவனம் கொடுத்து எடை பார்க்கும் முறையே இங்கும் கையாளப்பட்டது. ஏழு மாதங்களின் பின்னர் பால் அருந்திய சிறுவர்களின் வளர்ச்சி வேகம், அருந்தாதவர்களைவிட ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு கூடியிருந்தது. விற்பனையாகாமல் வீணடிக்கப்பட்டு வந்த கொழுப்பு நீக்கிய பாலும்கூட நல்ல பலனைத் தந்திருந்தமை பலரையும் வியப்பில் ஆழ்த்தியது.

1930இல் லனார்க்ஷயர் பகுதியில் வேறு ஆய்வாளர்கள் 20,000 சிறுவர்களைக் கொண்டு இதனைவிடப் பெரியதொரு பரிசோதனையை நடத்தினர். ஆசிரியர்கள் இரக்கம் மேலிட்டு, மெலிந்த பிள்ளைகளைப் பால் பெறும் குழுவில் சேர்த்துவிட்டனர் என்றும், அதனால் ஒப்பீடு பழுதடைந்தது என்றும் புள்ளிவிபரவியலாளர்கள் பின்னர் சுட்டிக்காட்டினர். ஆய்வு முறையைப் பயிலும் மாணவர்களுக்கு இன்றும் அது ஒரு பாடமாகக் கற்பிக்கப்படுகின்றது. எவ்வாறெனினும், 1934இல் பாடசாலைச் சிறுவர்களுக்கு மூன்றிலொரு பைந்து பாலை அரைப் பென்னிக்கு வழங்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 1946இல் அது இலவசமாக்கப்பட்டது.

பால் நல்லது என்று நிரூபித்ததுடன் பொய்ட் ஓர் நின்றிருந்தால் பாற்பண்ணையாளர்கள் அவரைக் கொண்டாடியிருப்பர், அரசாங்கமும் மகிழ்ந்திருக்கும். அவர் அடுத்த கேள்வியைக் கேட்டார். நல்லது என்று தெரிந்த உணவை மக்கள் ஏன் உண்பதில்லை? 1,152 குடும்பங்களின் வரவு செலவுக் கணக்குகளை ஆராய்ந்து, உணவு, சுகாதாரம், வருமானம் என்ற மூன்றையும் தொடர்புபடுத்தி 1936இல் அவர் வெளியிட்ட நூல் பிரித்தானியாவை அதிர வைத்தது. பூரண ஆரோக்கியத்துக்குப் போதுமான உணவைப் பெறும் வசதி நாட்டு மக்களுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கே இருந்தது என்றும், மிக வறிய பத்து வீதத்தினர் அனைத்துச் சத்துகளிலும் குறைவுற்றிருந்தனர் என்றும் அந்நூல் எடுத்துக் காட்டியது. பணக்காரர் அருந்திய பாலில் மூன்றிலொரு பங்கையே ஏழைகள் அருந்தினர். தாய்மாரின் அறியாமையே குழந்தைகளின் மெலிவுக்குக் காரணம் என்று கூறிவந்தோரின் வாய் அடைபட்டது. அரசாங்க வட்டாரங்கள் இந்த முடிவுகளை விரும்பவில்லை. ஆகவே, தனியார் வெளியீட்டகம் ஒன்றின் மூலம் தனது சொந்தப் பொறுப்பிலேயே அவர் அதனை வெளியிட்டார்.

தீவனக் கணக்கை அறிந்த ஒருவருக்கே இத்துணிவு வாய்த்தது என்பது நமது எண்ணம். பண்ணையாளர் தமது பசுவுக்கு உயிர் வாழ எவ்வளவு, பால் தர எவ்வளவு என்று நிறுத்து வைக்கிறார். ஏனெனில், குறைத்து வைத்தால் நட்டம் அவருக்கே. ஏழைக் குழந்தைக்கு உணவு குறைந்தால் நட்டப்படுவது யார் என்பது எந்தக் கணக்கேட்டிலும் பதியப்படுவதில்லை. பொய்ட் ஓர் அந்தக் கணக்கேட்டைத் திறந்து வைத்தார்.

இரண்டாம் உலகப் போர் அவரது மகனைப் பலிகொண்டது. போர் முடிந்ததும் 1945இல் கியூபெக் மாநாட்டுக்குப் பிரித்தானியக் குழுவின் ஆலோசகராக மட்டுமே சென்றவரை, ஏனைய நாடுகளின் பிரதிநிதிகள் பணிப்பாளர் நாயகமாகத் தெரிவு செய்தனர். 1946இல் உலக உணவுச் சபை என்ற திட்டத்தை அவர் முன்வைத்தார். விளைச்சல் மிகும் காலத்தில் வாங்கிச் சேமிப்பது, தட்டுப்பாடு ஏற்படும் காலத்தில் வெளியிட்டு விலையை நிலைநிறுத்துவது, பஞ்சத்துக்கென ஒதுக்கம் பேணுவது, மிகையான உணவை வறிய நாடுகளுக்குச் சலுகை விலையில் வழங்குவது ஆகியவை அச்சபையின் கடமைகளாக இருந்தன. கொள்கையளவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட அத்திட்டம், அமெரிக்காவும் பிரித்தானியாவும் ஆதரவை விலக்கிக்கொண்டதால் 1947இல் கைவிடப்பட்டது. மனமுடைந்த நிலையில் 1948இல் அவர் பதவியிலிருந்து விலகினார். அதே ஆண்டிலேதான் சுதந்திர இலங்கை அந்நிறுவனத்தின் உறுப்பு நாடாகியது.

1949இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. பரிசுத் தொகை முழுவதையும் உலக சமாதானத்துக்காக உழைத்த அமைப்புகளுக்கே அவர் அளித்துவிட்டார். 1971ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் திகதி, தொண்ணூறாவது வயதில் ஸ்கொட்லாந்தில் காலமானார். அதே ஆண்டிலேயே ஏழு வயதுக்கு மேற்பட்ட மாணவர்களுக்கான இலவசப் பாலை நிறுத்தும் சட்டத்தைப் பிரித்தானியப் பாராளுமன்றம் நிறைவேற்றியது.

பொய்ட் ஓரின் பணியுடன் நமது பிராந்தியத்துக்கும் தொடர்பு உண்டு. நீலகிரியிலுள்ள குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுகூடத்தில் 1935 முதல் பணிப்பாளராக இருந்த அய்க்ரொய்ட் என்பவர், தென்னிந்தியச் சிறுவர்களுக்குக் கொழுப்பு நீக்கிய பாலை வழங்கி அவர்களது வளர்ச்சியை அளந்தார். பின்னர் உணவு விவசாய நிறுவனத்தின் போசாக்குப் பிரிவுக்கு முதலாவது பணிப்பாளராக அவரே நியமிக்கப்பட்டார். ஸ்கொட்லாந்தின் ஹன்னா பாற்பண்ணை ஆய்வு நிலையப் பணிப்பாளர் நோர்மன் ரைட், இலங்கையின் கால்நடை இனவிருத்தி மற்றும் பாலுற்பத்தி பற்றிய அறிக்கையை 1946இல் வெளியிட்டார். உலக உணவுச் சபைத் திட்டத்தின் அடிப்படையான சேமிப்புக் கையிருப்பு யோசனைக்கு மூன்று தசாப்தங்களின் பின்னர் புத்துயிர் அளிக்க முயன்றவர், ஐ.நா. வர்த்தக அபிவிருத்தி மாநாட்டின் செயலாளர் நாயகமாக விளங்கிய நமது நாட்டவர் கலாநிதி காமனி கொரியா ஆவார்.

இத்தனை தொடர்புகள் இருந்தும் நாம் எங்கே நிற்கின்றோம்? நாட்டின் பால் தேவையில் பாதியைக்கூட உள்ளூர் உற்பத்தி நிறைவு செய்வதில்லை. 2021, 2022ஆம் ஆண்டுகளில் அந்நியச் செலாவணி வற்றியபோது, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பால்மாப் பொதி ஒன்றுக்காக மக்கள் கடை கடையாக அலைந்ததை நாம் மறந்துவிடவில்லை. வசதி படைத்தோர் கூடிய விலை கொடுத்து வாங்கினர். ஏனையோர் வெறும் தேநீருடன் காலையைக் கழித்தனர். 2022இல் நாட்டில் 63 இலட்சம் பேர் உணவுப் பாதுகாப்பற்ற நிலையில் இருந்ததாக ஐ.நா. நிறுவனங்கள் மதிப்பிட்டன. 1936ஆம் ஆண்டு நூல் கூறிய உண்மையை நமது மக்கள் தமது வீடுகளிலேயே அனுபவித்தனர்.

நமது ஆய்வாளர்கள் எதையும் செய்யவில்லை என்று கூறுவதற்கில்லை. வைக்கோலில் புரதம் நூற்றுக்கு நான்கு வீதமளவே உண்டு. மாட்டின் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் செவ்வனே செயற்பட ஏழு வீதமளவு தேவை. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை நீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி இரண்டு மூன்று வாரங்கள் வைத்தால் அது சத்துமிக்க தீவனமாகின்றது என்பதை 1980களிலேயே இந்நாட்டில் ஆராய்ந்து பண்ணையாளர்களுக்குக் காட்டினர். கோயம்புத்தூரில் உருவாக்கப்பட்ட கோ-3 புல் இன்று நமது பண்ணைகளில் செழித்து வளர்கின்றது. ஆயினும், யூரியா வைக்கோல் எதிர்பார்த்த அளவுக்குப் பரவவில்லை. நாளொன்றுக்கு இரண்டு மூன்று லீற்றர் பால் தரும் மாட்டுக்காக யூரியாவும் பொலித்தீனும் வாங்கி, உழைப்பையும் செலவிட்டால் கையில் என்ன மிஞ்சும் என்பது பண்ணையாளரின் கேள்வி. அறிவு இருந்தும் வாங்கும் சக்தி இல்லையேல் பயனில்லை என்று பொய்ட் ஓர் மனிதரிடத்தில் கண்ட உண்மை, இங்கு மாட்டுத் தொழுவத்திலும் மெய்யாகின்றது.

மேய்ச்சல் நிலமும் அவ்வாறே. மட்டக்களப்பின் மயிலத்தமடு, மாதவனைப் பகுதி மேய்ச்சல் தரைகளில் அத்துமீறிப் பயிரிடப்படுவதை எதிர்த்து 2023இல் பண்ணையாளர்கள் தொடர் போராட்டத்தில் இறங்க நேர்ந்தது. கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்துப் பாலும் தயிரும் விற்று வாழ்பவர்கள். மேய இடமில்லாத மாட்டுக்குக் கனியுப்புக் கணக்கு எழுதிக் கொடுப்பதால் எவருக்கும் நன்மை விளையப் போவதில்லை.

ஆகவே, நமது பல்கலைக்கழகங்களில் கால்நடைப் போசாக்கை ஆராயும் இளைஞர்களுக்கும் யுவதிகளுக்கும் நாம் கூற விரும்புவது இதுவே. உங்கள் ஆய்வேடு நூலக அலுமாரியை அடைவதுடன் உங்கள் கடமை முடிந்துவிடுவதில்லை. தீவனத்தின் விலை, பாலின் கொள்வனவு விலை, மேய்ச்சல் நிலத்தின் உரிமை, கடைசியில் அந்தப் பால் எந்தக் குழந்தையின் கோப்பையைச் சென்றடைகின்றது என்பன யாவும் உங்கள் ஆய்வின் பகுதிகளே. ஆட்சியாளர்களுக்கும் ஒரு வார்த்தை. விரும்பத்தகாத முடிவுகளை வெளியிடும் ஆய்வாளருக்கு நிதியை நிறுத்துவது எளிது. அதனால் பசி நின்றுவிடாது. பால்மா இறக்குமதிக்கு ஆண்டுதோறும் கொட்டும் பணத்தில் ஒரு சிறு பங்கையேனும் உள்ளூர்த் தீவன ஆய்வுக்கும், அதனைப் பண்ணையாளரின் கைக்குக் கொண்டு சேர்ப்பதற்கும் ஒதுக்க அரசாங்கம் முன்வர வேண்டும். சேரிப் பாடசாலையில் பசித்த பிள்ளைகளைக் கண்டு மனம் பொறுக்காமல் வெளியேறிய இளம் ஆசிரியர் ஒருவர், நாற்பது ஆண்டுகள் கழித்து உலகின் உணவுக் கணக்கைக் கையிலெடுத்தார். அக்கணக்கு இன்னமும் தீர்க்கப்படாமலேயே இருக்கின்றது.